ராஜாளிக்கு ஊற்றிய தண்ணீர்

நாச்சிமுத்துவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவன் என்னைப் பார்க்கவில்லை. என் ஷெட்டுக்குள் நின்றிருந்த காரின் பானெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கையை அதன்மேல் வைத்து, சினை மாட்டின் வயிற்றைத் தடவுகிறவன்போல மெதுவாகத் தடவினான். சளி எப்படி இருக்கிறது, இன்னும் நெஞ்சில்தான் கட்டியிருக்கிறதா என்று கேட்டான். கேள்வி எனக்கு, கண் காருக்கு. நான் இருமியபோது அவன் முகத்தில் ஒன்று வந்து போனது. அது என்னவென்று எனக்குத் தெரியும், அவன் இருமும்போது என் முகத்திலும் அதுதான் வரும். எங்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு. கோயமுத்தூரில் ராஜாளி கார் வைத்திருந்த ஐந்து பேரும் அவினாசி ரோட்டுப் பெட்ரோல் பங்கின் பக்கத்தில் காப்பி குடித்தபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசி முடிவு செய்தது. முதலில் போகிறவனுடைய கார் மற்றவர்களுக்கு. முழுசாக அல்ல, பாகம் பாகமாக. கம்பெனி மூடிப் போயிற்று, பாகம் எங்கும் கிடைக்காது, ஒன்றை அறுத்தால்தான் இன்னொன்று ஓடும். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். எல்லோருக்கும் தலைமுடி கறுப்பாக இருந்தது. பிறகு இரண்டு பேர் போனார்கள். முதலாமவனுடைய கதவுகளும் கியர் பாக்ஸும் நாச்சிமுத்துவுக்கு, இரண்டாமவனுடைய சக்கரங்களும் சீட்டும் வெங்கடபதிக்கு. எனக்கு இரண்டு முறையும் விளக்குகள்தான் கிடைத்தன. எனக்கு வேண்டியது ஹெட், என்ஜினின் மேலே உட்கார்ந்திருக்கும் அந்த அலுமினியத் துண்டு. செத்த இருவருடையதும் கம்பெனி பிறகு விட்ட இரண்டாம் மாடல் ராஜாளி, அதில் அலுமினிய ஹெட் கிடையாது. அது முதல் ராஜாளியில் மட்டும்தான் உண்டு. முதல் ராஜாளி என்னிடம் ஒன்று, நாச்சிமுத்துவிடம் ஒன்று, வெங்கடபதியிடம் ஒன்று. என்னுடைய ஹெட் வெடித்து என் கார் ஷெட்டிலேயே நின்றுபோன நாளிலிருந்து, அவர்கள் இருவரில் ஒருவன் சாவதற்காகத்தான் நான் காத்திருந்தேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. அவர்களும் வேறு எதற்கோ காத்திருந்ததாக நான் நினைக்கவில்லை.

நேற்று நாச்சிமுத்துவை மின் மயானத்தில் எரித்துவிட்டு வந்தோம். இன்று காலை காம்பவுண்டுச் சுவர்மேல் இரண்டு எவர்சில்வர் தட்டுகள் வைத்திருக்கிறேன். இடது கைப் பக்கம் இருப்பதில் இன்று வீட்டுக் குழாயில் பிடித்த சிறுவாணித் தண்ணீர். வலது கைப் பக்கம் இருப்பதில் ஷெட்டுப் பரணில் இருந்த வெள்ளைக் கேனிலிருந்து ஊற்றிய தண்ணீர். இரண்டிலும் ஒரே டம்ளரால் ஒரே அளவு. வெயில் காயவைக்கட்டும். நான் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கேனை என் மனைவி தனபாக்கியம் நிரப்பியது. கடைசியாக அவள் நிரப்பி வைத்த பிறகு அதிலிருந்து ஊற்றுவதற்குக் கார் ஓடவில்லை, பிறகு அவளும் இல்லை, கேன் மட்டும் பரணில் தூசியோடு இருந்தது. கைப்பிடியில் அவள் கட்டிய சிவப்புத் துணி வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது. சிவப்புத் துணி கட்டினால் அது காருக்கு உரியது, யாரும் எடுத்துக் குடிக்கக் கூடாது என்று அர்த்தம். எங்கள் ஐந்து வீட்டிலும், அலுமினிய ஹெட் இல்லாத இருவர் வீட்டிலும்கூட, அப்படி ஒரு கேன் இருந்தது. கோயமுத்தூரில் இரண்டு தண்ணீர். சிறுவாணியிலிருந்து வருவது நல்ல தண்ணீர், அப்போது சில நாளைக்கு ஒருமுறை தெருக் குழாயில் வரும், நாக்கில் வைத்தால் இனிக்கும். போர்வெல்லில் வருவது சப்பைத் தண்ணீர், உப்பு, துவைக்கவும் கழுவவும்தான் ஆகும், பருப்பு வேகாது. அலுமினிய ஹெட்டுக்குள் சப்பைத் தண்ணீர் ஓடினால் உள்ளுக்குள் அரித்துத் தின்றுவிடும். அதனால் ராஜாளிக்காரன் வீட்டில் சிறுவாணி வந்தால் முதல் குடம் காருக்கு. அது எங்கள் சட்டம். நான்தான் அதை முதலில் சொன்னேன். கார் வாங்கும்போது கொடுத்த சின்னப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தவன் நான்தான். பஞ்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க்குக்கு இங்கிலீஷ் அவ்வளவு தெரிந்திருக்கவில்லை, அந்தப் புத்தகத்தில்தான் தெரிந்துகொண்டேன். இப்போது அந்தத் தட்டுகளைப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னுகின்றன. விரலை நனைத்து நாக்கில் வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. பிளாஸ்டிக் கேனில் இத்தனை வருஷம் கிடந்த தண்ணீர், நாக்கு ஏமாற்றும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெயில் ஏமாற்றாது. வெயிலுக்கு அவசரமும் கிடையாது.

நாச்சிமுத்துவின் மனைவி சுலோசனா சொன்னது பொய்யாக இருக்கலாம். புருஷன் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும்போது ஒரு பெண் என்ன வேண்டுமானாலும் சொல்வாள். நேற்று காலை நாங்கள் இரண்டு பேரும் நாச்சிமுத்து வீட்டுக்குப் போனோம், நானும் வெங்கடபதியும், வெங்கடபதியின் ராஜாளியிலேயே. நாச்சிமுத்துவும் போன பிறகு ஓடுகிற ராஜாளி அது ஒன்றுதான். மாலை வாங்க நிறுத்தியபோது டிக்கியைத் திறந்தான், உள்ளே ஸ்பேனர் பெட்டி இருந்தது. அவன் அதை என்னிடமிருந்து மறைக்கவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. மாலையை அதன்மேல் வைத்து மூடினான். ஹெட் எனக்கு, அதில் அவனுக்கு ஆட்சேபம் இல்லை, அவனுக்கு வேண்டியது இரட்டைக் கார்பரேட்டர். வழியெல்லாம் அதைத்தான் பேசினோம். காரியம் முடியும்வரை பொறுக்கலாமா, அதற்குள் நாச்சிமுத்துவின் மருமகன் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று. வெங்கடபதி காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன், எதையும் நிதானமாகப் பேசுவான். நாச்சிமுத்துவின் முகம் அமைதியாக இருப்பதாகக் கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணாடிக்குள் அவன் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டு கிடந்தான். தனபாக்கியம் இதே மாதிரி ஒரு பெட்டிக்குள் என் வீட்டுக் கூடத்தில் கிடந்தபோது அவன் வந்தான், மாலை போட்டான், என் தோளைத் தொட்டான், பிறகு காதருகே குனிந்து கேட்டான்.

“இனி வண்டி உனக்கு எதுக்கு சபாபதி. யாரை ஏத்தப் போறே.”

அதைத்தான் கேட்டான். அவனைக் குறை சொல்லவில்லை. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் உறுத்துகிறது. நேற்று அவன் பெட்டியருகே குனிந்து அதையே திருப்பிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. உதடு அசைந்ததைப் பார்த்து நான் தேவாரம் சொல்வதாக நினைத்து ஒரு கிழவர் நகர்ந்து இடம் விட்டார்.

காக்கை ஒன்று வந்து சுவர்மேல் உட்கார்ந்தது. இடது தட்டில் அலகை வைத்துத் தலையை நிமிர்த்திக் குடித்தது. இன்னொரு முறை குடித்தது. வலப்பக்கம் நகர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தபோது நான் எழுந்து கையை வீசிவிட்டேன். அது குடிக்குமா மாட்டாதா என்று நான் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இப்போது இடது தட்டில் தண்ணீர் குறைந்துவிட்டது, அளவு தப்பிவிட்டது, மறுபடி முதலிலிருந்து ஊற்ற வேண்டுமா என்று ஒரு யோசனை. வேண்டாம். எஞ்சுவதைத்தானே பார்க்கப் போகிறேன். வெயில் முழங்கால்வரை ஏறியிருக்கிறது. நெஞ்சுக்குள் சளி அசைகிறது, பழைய என்ஜினில் ஆயில் இறங்குவதுபோல. ராஜாளியைச் செய்த விந்தியா கம்பெனிக்காரர்கள் அதற்குமுன் குடும்பத்துக்கென்று செய்த கார் அன்னம். நான்கு கதவு, அகல முதுகு, பின்சீட்டில் தூக்குப் போசிப் பாத்திரங்களோடு ஒரு கல்யாணக் கூட்டமே உட்காரலாம், ஊரில் ஓடிய டாக்ஸியில் பாதி அன்னம்தான். அந்த அன்னத்தின் அடிச்சட்டத்தை நடுவில் அறுத்து, ஒரு முழம் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டி, இரண்டு கதவு வைத்து, கூரைக்குப் பதில் கித்தான் போட்டு, ராஜாளி என்று பெயர் வைத்தார்கள். பணக்காரன் மட்டும் ஏன் வேகமாகப் போக வேண்டும், கிளார்க்கும் போகட்டும் என்று விளம்பரம். அன்னத்தைவிடக் கொஞ்சம்தான் விலை கூட, ஏனென்றால் எல்லாமே அன்னத்தினுடையது. பிரேக் அதனுடையது, கைப்பிடி அதனுடையது, ஹாரன்கூட அதே ஹாரன். ராஜாளி ஹாரன் அடித்தால் டாக்ஸி என்று நினைத்துக் கை காட்டுவார்கள். ஹெட்டும் இரட்டைக் கார்பரேட்டரும் மட்டும்தான் தனி. அந்த இரண்டு சாமான்தான் ராஜாளி, மற்றதெல்லாம் டாக்ஸி. தனபாக்கியம் அதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். டெலிவரி எடுத்து வந்து எலுமிச்சம்பழம் நசுக்கித் திருஷ்டி கழித்தபோது, பக்கத்து வீட்டுக்காரி என்ன வண்டி அக்கா என்று கேட்டாள். அன்னத்துக்குக் குறைப்பிரசவத்துல பொறந்தது அம்மிணி என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவளுக்கு வாய் உண்டு. ஆனால் காரை அவள் வெறுத்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. நான் சொல்ல மாட்டேன். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மருதமலைக்கு வந்திருக்கிறாள், பேரூருக்கு வந்திருக்கிறாள். பின்சீட்டு கிடையாது, எங்களுக்குப் பிள்ளையும் கிடையாது, கணக்குச் சரியாக இருந்தது. ஒருமுறை கோத்தகிரி ஏறினோம். ஏதோ ஒரு வளைவில் ராஜாளி கொதித்துவிட்டது. ஓரங்கட்டிப் பானெட்டைத் தூக்கினால் மூடியைச் சுற்றி ஆவி. கேனைப் பார்த்தேன், காலி. அவள் மடியில் வைத்திருந்த கூஜாவில் சிறுவாணி இருந்தது. அவள் அதுவரை ஒரு வாய் குடிக்கவில்லை, மேலே போய்ச் சோற்றோடு குடிக்கலாம் என்று வைத்திருந்தாள். பாதையோரம் ஊற்று ஒழுகிக்கொண்டிருந்தது, ஆனால் அது என்ன தண்ணீரோ, மலையில் என்ன உலோகம் கரைந்திருக்கிறதோ, எனக்கு நம்பிக்கையில்லை. கையை நீட்டினேன். கூஜாவை எடுத்துக் கொடுத்தாள். ஊற்றும்போது ரேடியேட்டர் குடிக்கும் சத்தம் கேட்கும், ஆட்டுக்குட்டி குடிப்பதுபோல், எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். கூஜா காலியானதும் திரும்பிப் பார்த்தேன். அவள் ஊற்றில் கையைக் குழித்துப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம், என்ன தண்ணீரோ என்றேன்.

“அது நல்லாக் குடிக்கட்டும் விடுங்க. அதுதானே மலையேறுது.”

இதில் கோபம் இருந்ததா. அந்த வாக்கியத்தை இன்று காலையிலிருந்து பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கோபமாகச் சொன்னால் கோபமாக இருக்கிறது, சிரித்துச் சொன்னால் சிரிப்பாக இருக்கிறது. அவள் எப்படிச் சொன்னாள் என்பதுதான் நினைவில் இல்லை. அந்த வளைவில் கிடந்த கல், ஆவியின் வாசனை, மேலே போன பஸ்ஸின் பின்னால் தொங்கிய கயிறு, எல்லாம் இருக்கிறது, அவள் குரல் மட்டும் இல்லை. அவள் முதல் முறை கேனில் சப்பைத் தண்ணீர் பிடித்தது அதற்குப் பிறகா. பிடித்திருந்தால். பிடித்திருந்தால் என்றுதான் சொல்ல வேண்டும்.

தெருக் குழாயில் சிறுவாணி வருகிற அன்றைக்குச் சண்டை நடக்கும். குடங்கள் வரிசையில் இருக்கும், பெண்கள் வரிசையில் இருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு இத்தனை குடம் என்று கிடைக்கும், முதல் குடம் கேனுக்குப் போனால் மீதியில்தான் குடிக்கவும் சமைக்கவும். அடுத்த முறை வருவதற்குள் தீர்ந்துவிட்டால் சப்பைத் தண்ணீரில்தான் உலை. அப்போது பருப்பு வேகாது. தட்டில் பருப்பு தனித்தனியாக உருளும், நான் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். சாப்பாட்டைப் பற்றி நான் அவளை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இதை யார் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். அவளுடைய சிறுநீரகத்தில் கல் இருக்கிறது என்று சொன்ன டாக்டர், என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். சிறுவாணிதானுங்க என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, ஆமாங்க, சிறுவாணிதான் என்றாள். அந்தப் பார்வை. இல்லை, அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை, வயிற்றில் வலி இருக்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். தட்டில் தண்ணீர் ஓரத்திலிருந்து உள்வாங்க ஆரம்பித்திருக்கிறது. ஓரத்தில் கோடு எதுவும் தெரிகிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தேன். கண்ணாடி போடாமல் போய்விட்டேன். திரும்பி வந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு, மறுபடி போகாமல், உட்கார்ந்துவிட்டேன்.

நாச்சிமுத்து வீட்டு போர்ட்டிகோவில் அவனுடைய ராஜாளி, சாவுக்கு வந்தவர்களின் செருப்புகளுக்கு நடுவே நின்றது. வெங்கடபதி பாடை கட்டுகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தான். நான் காரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், துக்கத்தில் தனியாக இருக்கிறான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். சுலோசனா உள்ளேயிருந்து வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, ஆனால் அழுத முகமாக இல்லை, வேலை முடித்த முகமாக இருந்தது. என்னை அவள் கல்யாணமான நாளிலிருந்து அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். பக்கத்தில் வந்து நின்று, கழட்டப் போறீங்களாண்ணா என்று கேட்டாள். நான் என்ன அம்மிணி இப்படிப் பேசறே, நாச்சிமுத்து உள்ள இருக்கிறான் என்றேன். வெங்கடபதி அண்ணன் வாசல்ல மாலை எடுக்க டிக்கியைத் திறந்தப்பவே பார்த்தேன் என்றாள். பிறகு குரலை ஏற்றாமல், இறக்காமல் சொன்னாள்.

“தாராளமாக் கழட்டிக்கோங்க. ஆனா அதுக்குள்ள ஒண்ணும் இருக்காதுங்கண்ணா. நான் அதுக்குச் சப்பைத் தண்ணிதான் புடிச்சு வெச்சேன். எத்தனையோ வருஷமா.”

எனக்குப் புரியவில்லை. புரியாத மாதிரி இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

“ஏன்னா என்னங்கண்ணா. புள்ளைக குடிக்கோணுமல்ல.” உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “எனக்கா எங்க தோணுச்சு. தனபாக்கியக்காதான் சொல்லிக் குடுத்தாங்க. ஒரு குடம் நல்ல தண்ணி மிச்சம் அம்மிணி, மோந்து பார்த்தா கண்டுபுடிக்கப் போறாங்கன்னாங்க. நான் உங்க வீட்டுக்கு வந்திருந்தப்ப, நாங்க ரெண்டு பேரும் உங்க குழாயடியில நின்னு அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்குதே.”

அவள் இப்போதும் கொஞ்சம் சிரித்தாள், பெட்டிக்குள் புருஷன் கிடக்க. உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். நான் எழுந்து பானெட்டைத் தூக்கினேன். அதற்குச் சத்தம் வராமல் தூக்க ஒரு வழி இருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திருகி விரலை விட்டேன். வெள்ளையாக, தடிமனாக, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி விரலில் வந்தது. பாடை தயார் என்றார்கள். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்த் தோள் கொடுத்தேன்.

அந்த வெள்ளையை நான் என் காரிலும் பார்த்திருக்கிறேன். ஹெட் வெடித்தபோது கழற்றி வைத்துப் பார்த்தால், தண்ணீர் ஓடுகிற துவாரமெல்லாம் கறையான் தின்ற கதவுபோல் இருந்தது, உள்ளெல்லாம் வெள்ளை. அன்றைக்கே நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். விந்தியாக்காரன் வார்ப்பில் மோசம் செய்துவிட்டான், அலுமினியம் சுத்தமில்லை, அதனால் பூக்கிறது, நல்ல தண்ணீர் ஊற்றியும் பூக்கிறது என்றால் வேறென்ன. பங்குக்குப் பக்கத்தில் காப்பி குடித்தபடி எல்லோருக்கும் சொன்னேன். பழைய கார்களின் ஊர்வலம் நடந்தபோது மைக்கைக் கொடுத்தார்கள், அங்கேயும் சொன்னேன். ராஜாளியின் சரித்திரத்தை என்னிடம்தான் கேட்பார்கள். முதல் ராஜாளியின் ஹெட் அரித்துப் போனதால் கம்பெனி பயந்து, இரண்டாம் ராஜாளியில் பழைய அன்னத்தின் இரும்பு ஹெட்டையே வைத்தது, வேகம் குறைந்ததை மறைக்கப் பானெட்டில் ஓர் ஓட்டை போட்டது, அந்த ஓட்டைக்குப் பின்னால் தகரம்தான், காற்று போகாது. மூன்றாம் ராஜாளியில் அதுகூட இல்லை, இரண்டு கோடு ஒட்டினார்கள், சின்ன ஸ்டீயரிங் வைத்தார்கள், அவ்வளவுதான், முழு டாக்ஸி. பிறகு ஜப்பான்காரனோடு கூட்டுச் சேர்ந்தவர்கள் சின்னக் கார்களை விட்டார்கள், ராஜாளியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் கம்பெனி விலை போனபோது அந்தப் பெயரை வாங்கியவன் பால் வண்டி ஒன்றுக்கு வைத்தான். இன்றைக்கும் ஏதாவது தெருவில் கேன்களை ஆட்டிக்கொண்டு ஒரு ராஜாளி போகும். இந்தச் சரித்திரம் முழுவதும் ஒரு கெட்ட வார்ப்பிலிருந்து தொடங்குகிறது என்றுதான் நான் சொல்லி வந்தேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். வார்ப்பு கெட்டது இல்லையென்றால். வெங்கடபதியின் ஹெட் ஏன் வெடிக்கவில்லை என்று ஒருத்தன்கூட என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொண்டேன்.

ஒருவரும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை, அதுதான். ஐந்து வீட்டில் ஐந்து கேன், சிவப்புத் துணி, எத்தனை வருஷம். ஒருத்தன் ஒருநாள் தாகத்தில் அதைச் சாய்த்து ஒரு வாய் குடித்திருந்தால் தெரிந்திருக்கும். காருக்கு உரியதை நாம் குடிக்கக் கூடாது என்று ஒரு பத்தியம் எங்களுக்கு. ஊற்றும்போது சிந்தினால்கூடத் துணியால் ஒற்றி எடுப்போம். தனபாக்கியம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பாள், காரைப் பார்த்து ரசிக்கிறாள் என்று எனக்கு நினைப்பு. வாரத்துக்கு ஒருமுறை, பக்தியாக, நான் என் காருக்கு விஷம் ஊற்றினேன், அவள் பக்கத்தில் நின்று கேன் மூடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மூடியை நீட்டுவாள். ஹெட் வெடித்த அன்றைக்கு நான் ஷெட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் காப்பி கொண்டு வந்தாள். குடிங்க என்றாள். எவ்வளவு நல்ல தண்ணீர் ஊற்றினோம் தனபாக்கியம் என்றேன். என் தலையில் கை வைத்தாள். கையை வைத்து, எடுக்காமல், கொஞ்ச நேரம் நின்றாள். அந்தக் கையைத்தான் நான் அவள் போன பிறகு இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்கம் வராதபோது அந்தக் கையை எடுத்து என் தலையில் வைத்துக்கொள்வேன். இன்று அதை வைத்துப் பார்த்தால் கை கனக்கிறது, உள்ளே சிரிப்பை அடக்குகிறவளின் கை ஆடுமே, அப்படி ஆடுகிறது. ஆடியதா அன்றைக்கு. இல்லை. ஆடியிருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு எது தெரிந்தது இதுவரை.

சுலோசனா பொய் சொல்லியிருக்கலாம் என்பதை நான் இன்னும் விடவில்லை. அவள் பிள்ளைகளுக்காகச் செய்தாள், செய்தது தனியாகச் செய்தாள், குற்றத்தைச் செத்தவளின் தலையில் போட்டால் பாதி குறையும், அதற்காக ஒரு பேர் சேர்த்தாள். அல்லது என் கையில் ஸ்பேனர் வருவதற்குமுன் என்னை அடிக்க வேண்டும் என்று ஒன்றைத் தேடினாள். அதுவும் நியாயம். அப்படியானால் வலது தட்டும் இடது தட்டும் ஒரே மாதிரி காயும். அப்போது விந்தியாக்காரனின் வார்ப்பு கெட்டதுதான், நான் சொன்ன சரித்திரம் சரிதான், தனபாக்கியத்தின் கை வெறும் கைதான். இப்படி நினைத்தால் மூச்சு லேசாக இருக்கிறது. இதற்குள் டெலிபோன் அடித்தது. வெங்கடபதி. நாச்சிமுத்துவின் மருமகனிடம் பேசிவிட்டானாம், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறானாம், ஹெட்டைக் கழற்ற நான் தயாரா என்று கேட்டான். ரேடியேட்டருக்குள் விரல் விட்டதை நான் அவனிடம் சொல்லவில்லை. குரல் சோர்ந்திருக்கிறது, உடம்பு எப்படி, சளி இறங்கியதா என்று விசாரித்தான். அதன் பிறகு தன் கார் பற்றிப் பேசினான், எப்போதும் பேசுவதுதான். நேற்று வரும்போது லேசாகச் சூடு காட்டியதாம், முள் கொஞ்சம் மேலே போயிற்றாம். ஒன்றுமில்லை என்று அவனே சொல்லிக்கொண்டான்.

“நமக்கென்ன பயம். எங்க வீட்டுல இன்னிக்கும் முதக் குடம் வண்டிக்குத்தான். அவளே புடிச்சு, அவளே துணியைக் கட்டி வெச்சிருவா. என்னைத் தொடக்கூட விட மாட்டா.”

அவன் பின்னால் அவன் மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எதையோ சொல்லி யாரோடோ சிரித்தாள். சொல்லியிருக்கலாம். ஒரு வாய் குடித்துப் பார்டா என்று ஒரே ஒரு வாக்கியம். அவனுடைய ஹெட் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும், இப்போது நிறுத்தினால் தாங்கும். வழியெல்லாம் கார்பரேட்டர் பேசிக்கொண்டு வந்தவன், டிக்கியில் ஸ்பேனரோடு மாலை வாங்கியவன், என் சளியை விசாரிக்கிறவன். என்னுடைய கார் இனி அவனுக்குத்தானே, வேறு யார் இருக்கிறார்கள். ஆமாம் வெங்கடபதி, உனக்கு வாய்ச்சது அப்படி என்றேன். அவன் சந்தோஷமாகச் சிரித்தான். வைத்துவிட்டேன்.

வெயில் தலைக்கு நேரே வந்துவிட்டது. சுவரின் நிழல் சுவருக்குள்ளேயே போய்விட்டது. தட்டுகளில் அசைவு இல்லை, பளபளப்பும் இல்லை, காய்ந்துவிட்டன என்று இங்கிருந்தே தெரிகிறது. எழுந்திருக்காமல் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டில் அவள் சத்தம் எதுவும் மிச்சம் இல்லை, ஆனால் குழாயடி இருந்த இடம் சுவருக்கு அந்தப் பக்கம்தான், சிமென்ட் போட்டு மூடிவிட்டார்கள். அங்கே இரண்டு பெண்கள் நின்று சிரித்திருக்கிறார்கள். நான் அப்போது எங்கே இருந்திருப்பேன். ஷெட்டில், துணி வைத்து விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பேன். சிரிப்புச் சத்தம் என் காதிலும் விழுந்திருக்கும். குழாயடியில் பெண்கள் எப்போதும் எதற்காவது சிரிப்பார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று முதலில் இடது தட்டைப் பார்த்தேன், அதில் துடைத்து வைத்ததுபோல் ஒன்றும் இல்லை. வலது தட்டைப் பார்க்குமுன் ஒருமுறை இருமினேன்.

வலது தட்டில் ஓரத்தில் வளையமாகவும் நடுவில் திட்டாகவும் வெள்ளையாக உப்பு இருந்தது. நகத்தால் சுரண்டினேன், வந்தது. நாக்கில் வைத்தேன், கரித்தது.

கேனில் அவள் பிடித்து வைத்தது இன்னும் ஏறக்குறைய முழுசாக இருக்கிறது.